விரல் மரத்தவனுக்கு இந்த மூடி எதற்கு?

குறையிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் குப்பியின் மூடியை அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் உள்ளே இருப்பது வைட்டமின் பி12. இது குறைந்துபோனவர்களில் பலருக்கு முதலில் மரத்துப்போவது கால்விரலும் கைவிரலும்தான். அப்படிப்பட்டவன் கையில் அமுக்கித் திருகும் மூடியைக் கொடுப்பது, பல் கொட்டியவனிடம் முறுக்கை நீட்டுவது போல. முதல் மாதம் முழுக்க என் மனைவிதான் திறந்து கொடுத்தாள்.

மற்றபடி பொருள் நல்ல பொருள். பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பி, அறுபது மாத்திரைகள், ஒவ்வொன்றிலும் பி12இன் ஒரு வகையான சயனோகோபாலமின் 1000 மைக்ரோகிராம். நாக்கின் அடியில் வைத்தால் மூன்று நிமிடத்தில் கரைகிறது. லேசான இனிப்பு, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பழத்தின் போலி வாசனை. பதின்மூன்று மாதமாகத் தினம் ஒன்று. ஏழாவது குப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நாள் பழகியபின் எழுதினால்தான் மதிப்புரைக்கு மதிப்பு என்று காத்திருந்தேன்.

நான் கடிகாரம் பழுதுபார்ப்பவன். முப்பத்தைந்து ஆண்டுகளாக அதுதான் பிழைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பெண்கள் கட்டும் சின்னக் கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டிருந்தேன். முன்னும் பின்னும் ஆடிக் கடிகாரத்தைச் சீராக ஓடவைக்கும் சக்கரம் பாலன்ஸ் வீல். அதைத் தாங்கும் பாலத்துக்கு ஒரு திருகு உண்டு. வெறும் கண்ணுக்கு அது ஒரு தூசு. அதை ட்வீசரில் எடுத்து வைக்கும்போது கீழே விழுந்தது. தேடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோதுதான் உறைத்தது: ட்வீசரில் திருகு இருக்கிறதா இல்லையா என்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அதுவரை அந்த வேலையை விரல் செய்துகொண்டிருந்தது. திருகைப் பிடித்திருக்கும் ட்வீசருக்கும் வெறும் ட்வீசருக்கும் உள்ள வித்தியாசம் கட்டைவிரல் நுனியில் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது போயிருந்தது.

வயதாகிவிட்டது என்று இரண்டு மாதம் ஓட்டினேன். பாதம் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்தது. நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. ஒரு நாள் இருட்டில் மாடிப்படி இறங்கும்போது கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அன்றுதான் மருத்துவரிடம் போனேன். அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் கால் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தார். "அதிர்வு தெரிகிறதா?" தெரியவில்லை. கணுக்காலுக்கு நகர்த்தினார். அங்கே தெரிந்தது. என் தொழிலில் அதிர்வுதான் எல்லாம். 1960இல் வந்த அக்யூட்ரான் என்ற கைக்கடிகாரத்துக்குள் பாலன்ஸ் வீலுக்குப் பதிலாக ஓர் இசைக்கவைதான் இருக்கும். நொடிக்கு 360 முறை அதிரும். காதருகே வைத்தால் வண்டு முனகுவது போலக் கேட்கும். அப்படிப்பட்டவற்றைப் பிரித்துப் பூட்டியவனுக்கு, காலில் வைத்த இசைக்கவை வெறும் குளிர்ந்த இரும்பாக இருந்தது.

ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 118 பிக்கோகிராம் என்று வந்தது. பெரும்பாலான ஆய்வகங்கள் 200க்குக் கீழே போனால் குறைவு என்கின்றன. "அசைவம் சாப்பிடுவீர்களா?" என்றார் மருத்துவர். ஒன்பது ஆண்டுகளாக இல்லை என்றேன். "பால், முட்டை?" எட்டு ஆண்டுகளாக அவையும் இல்லை. "நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை?" அது நான்கு ஆண்டுகளாகத் தினமும். அவர் பேனாவை மூடி வைத்தார். "இதில் புதிரே இல்லையே, ஐயா. பி12 கிடைக்கும் சாப்பாட்டை எல்லாம் விட்டுவிட்டீர்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையும் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும்."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது என்பதையும் சொன்னால்தான் இந்த மதிப்புரை முழுமையாகும். ஓர் இறைச்சிக்கூடத்தின் அலுவலகச் சுவர்க்கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். ஏணியில் ஏறி நின்றால் பக்கத்து ஜன்னல் வழியாகப் பட்டி தெரிந்தது. ஆடுகள் வரிசையாக நின்றன. கத்தவில்லை, திமிறவில்லை. பின்னால் நின்ற ஒன்று, முன்னால் நின்றதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. பொறுமையாக, மடலின் உட்புறம் வரைக்கும். கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அங்கே வேலை தொடங்குவார்கள். முள்ளை நான்கு நிமிடம் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிரவு சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு சாப்பிடவே இல்லை.

அவ்வளவுதான் காரணம். இதில் அறிவியல் எங்கேயும் இல்லை. ஆனால் "ஓர் ஆடு இன்னோர் ஆட்டின் காதை நக்கியது, அதனால் விட்டுவிட்டேன்" என்று அறுபதை நெருங்கும் ஆண்பிள்ளை நாலு பேரிடம் சொல்ல முடியுமா? கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் அறிவியலைச் சாட்சிக்கு இழுத்தேன். மனிதனுக்குக் குடல் நீளம், பல் தட்டை, அவன் பிறவியிலேயே தாவரபட்சிணி என்று அடித்துவிட்டேன். எங்கோ கேட்டது, எவரோ சொன்னது. என் மகள் மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "அப்பா, நம்முடையது இரண்டையும் செரிக்கிற வயிறு. உங்களுக்கு மனசு கேட்கவில்லை, விட்டுவிட்டீர்கள். அதற்கு ஏன் குடலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்?"

அப்போது கோபம்தான் வந்தது. பி12 விஷயத்திலும் அப்படித்தான். அவள் எச்சரித்தபோதெல்லாம் என் கையில் ஒரு பதில் தயாராக இருந்தது. ஸ்பைருலினா என்கிற சுருள்பாசிப் பொடியில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்றேன். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போல வேடம் போட்ட ஒரு மூலக்கூறு. மனித உடம்புக்கு அது பயன்படாது. நம் குடலில் வாழும் பாக்டீரியாவே பி12 செய்து கொடுக்கும் என்றேன். செய்கிறது, உண்மைதான். ஆனால் பெருங்குடலில் செய்கிறது. உடம்பு அதை உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி. பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு வந்து சேருகிற பயணி மாதிரி. இவ்வளவு ஆண்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். கல்லீரலில் சில மில்லிகிராம் சேமிப்பு இருக்கும். அன்றாடச் செலவு மிகச் சொற்பம் என்பதால் அது ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஒன்றும் ஆகாமல் இருந்த அத்தனை ஆண்டும் நான் பழைய ஆட்டின் கணக்கிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சூழ்ச்சியும் இதில் உண்டு. பி12 குறைந்தால் ரத்தசோகை வர வேண்டும். எனக்குப் பெரிதாக வரவில்லை. கீரையும் பயறும் நிறையச் சாப்பிட்டேன். அவற்றில் ஃபோலேட் என்ற வைட்டமின் அதிகம். அது ரத்தத்தை ஓரளவு சமாளித்துவிடும், நரம்பைச் சமாளிக்காது. வெளியே விளக்கு எரிந்துகொண்டிருக்க, உள்ளே கம்பியின் மேலுறை உரிந்துகொண்டிருந்தது. அந்த உறைக்குப் பெயர் மயலின் என்று மகள் வரைந்து காட்டினாள். சத்தான சாப்பாடுதான் என் நோயை ஒளித்து வைத்தது என்பதை ஏற்றுக்கொள்ளச் சில நாள் பிடித்தது.

முதலில் ஊசி போட்டார்கள், சில வாரங்கள். நரம்பில் கோளாறு தெரிந்தால் மருத்துவர்கள் வழக்கமாக அப்படித்தான் தொடங்குவார்கள். பிறகுதான் மாத்திரை. எனவே கை கால் மரத்தவர்கள் இந்த மதிப்புரையைப் படித்துவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுப் போங்கள். மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோய் உட்பட வேறு காரணங்களும் உண்டு. அதோடு, சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையே பி12 அளவைக் குறைக்கக் கூடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மாத்திரை வாங்கப் போனபோது நான் முதலில் எடுத்து வந்தது இது அல்ல. வேறொரு கம்பெனியின் கேப்ஸ்யூல். பெட்டியின் முன்பக்கம் பச்சை இலைகள், "சைவ வாழ்வுக்கு" என்ற வாசகம். வீட்டுக்கு வந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். கடைசி வரியில் ஜெலட்டின். மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுப்பதுதான் ஜெலட்டின். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இருந்த தூரம் ஓர் அட்டையின் கனம். திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே என்றார்கள். பிரிக்காமல் எப்படி ஐயா படிப்பது? பொருளடக்கம் பெட்டிக்குள்ளே இருந்த குப்பியின் மேல்தான் ஒட்டியிருந்தது. இப்போது வாங்கும் குப்பியில் கேப்ஸ்யூல் கிடையாது, அழுத்திச் செய்த மாத்திரை. பொருளடக்கம் குப்பியின் முதுகில், லென்ஸ் இல்லாமலே படிக்கும் எழுத்தில் இருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

1000 மைக்ரோகிராம் எதற்கு என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. அப்படியானால் இது நானூறு மடங்குக்கு மேல். ஏமாற்று வேலை என்றுதான் நானும் நினைத்தேன். விளக்கம் இரைப்பையில் இருக்கிறது. இரைப்பை ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதுதான் பி12-ஐக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசி வரை கூட்டிப்போகிறது. ஒரு வேளைக்கு அதனால் ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் சுமக்க முடியாது. மிச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆயிரத்தில் ஒரு சதவீதம் பத்து. ஆக, ஆயிரத்தை விழுங்கி ஏறத்தாழ ஒரு டஜன் மைக்ரோகிராமைத் தேற்றுகிறோம். அந்தப் புரதமே சுரக்காதவர்களுக்கும் இந்தக் கசிவு கைகொடுக்கும். உள்ளே போனதில் அதிகப்படியானது சிறுநீரில் வெளியேறிவிடும். தானாகச் சாவி ஏறும் கைக்கடிகாரத்தில், அதை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்கின் வெளி முனையைக் கெட்டியாகப் பூட்டியிருக்க மாட்டார்கள். முழுக்க முறுக்கேறியதும் அது வழுக்கிவிடும், அதனால் அறுந்துபோகாது. அதே ஏற்பாடு.

நாக்கின் அடியில் வைத்தால் ரத்தத்தில் நேரே கலந்துவிடும் என்று உறை பெருமையடிக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு விழுங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டால் மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கும் சடங்கு போய்விடுமே என்று என் மனைவி கவலைப்படுகிறாள்.

இன்னொரு சண்டை, சயனோகோபாலமினா, மெத்தைல்கோபாலமின் என்ற மற்றொரு பி12 வகையா என்பது. சயனோகோபாலமினில் சயனைடு இருக்கிறது, விஷம், "இயற்கையான" மெத்தைலை வாங்குங்கள் என்று மெத்தைல் விற்பவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூலக்கூறு எடை 1355. அதில் சயனைடு பாகம் 26. ஆயிரம் மைக்ரோகிராமில் அது இருபது மைக்ரோகிராம் கூட வராது. உடம்பு சர்வ சாதாரணமாகக் கழித்துக்கட்டும் அளவு. உள்ளே போனதும் உடம்பு சயனோவின் தலையையும் கழற்றுகிறது, மெத்தைலின் தலையையும் கழற்றுகிறது. பிறகு தனக்கு வேண்டியதை மாட்டிக்கொள்கிறது. சயனோ வகை சீக்கிரம் கெட்டுப்போகாது, விலையும் குறைவு. எனக்கு அது போதும்.

ஒரு மாலை கடையில் ஆள் இல்லாத நேரம் ஒரு மாத்திரையைப் பொடித்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். வெள்ளை மாவு அடியில் தங்கியது. மேலே தண்ணீர் மெல்ல ரோஜா நிறமானது. ஒரே ஒரு மில்லிகிராம், ஒரு டம்ளர் முழுவதையும் நிறம் மாற்றுகிறது. பி12 பளிச்சென்ற சிவப்பு. அதன் நட்டநடுவே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு இறைச்சியை விட்டவன், அதன் சிவப்பை டம்ளரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. உண்மையில் இறைச்சியின் சிவப்புக்கு இதுவல்ல காரணம், அது இரும்பின் வேலை. தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

எழுபது ஆண்டு வாழ்க்கைக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்றும் கணக்கிட்டேன். நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் என்றால் சுமார் 61 மில்லிகிராம். பழைய தங்க எடைக் கணக்கில் அரைக் குன்றிமணி. ஓர் ஆயுளுக்கு அரைக் குன்றிமணி! அது இல்லாமல் போனதற்குத்தான் முப்பத்தைந்து ஆண்டு பழகிய விரல் வேலைநிறுத்தம் செய்தது.

இதை எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாவும் அதன் உறவுக்கார நுண்ணுயிர்களும்தான் செய்கின்றன. ஆட்டின் ஈரலில் பி12 இருப்பதே அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாவின் தயவால்தான். மண்ணில் கோபால்ட் இல்லாத இடத்தில் மேய்ந்த ஆடுகள் புல் நிறைந்த வயலில் மெலிந்து செத்தன. கோபால்ட் குறைவுதான் காரணம் என்று 1930களில் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். இன்றும் அப்படிப்பட்ட நிலங்களில் ஆடு மாடுகளுக்குக் கோபால்ட் கொடுக்கிறார்கள். ஆக, அசைவம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கும் மாத்திரை போகிறது. ஆட்டின் வழியாகப் போகிறது. என் குப்பியில் இருப்பது தொட்டியில் வளர்த்த பாக்டீரியாவிடமிருந்து நேரே வந்தது. நடுவில் ஆடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் பெருமையாக நிறுத்திக்கொள்ள ஆசைதான். மகள் விடவில்லை. இந்த மாத்திரை எப்படி வந்தது என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். அதைக் கேட்டபின் இரண்டு நாள் மாத்திரையைத் தொடும்போதெல்லாம் ஏதோ நெருடியது.

ஜார்ஜ் விப்பிள் என்ற அமெரிக்கர் நாய்களின் ரத்தத்தை வடித்து அவற்றுக்கு ரத்தசோகை வரவழைத்தார். எந்த உணவு கொடுத்தால் சீக்கிரம் தேறுகின்றன என்று பார்த்தார். ஈரல் முன்னால் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், அப்போது உயிரைக் குடிக்கும் நோயாக இருந்த ஒருவகை ரத்தசோகைக்கு ஈரலைத் தினமும் சாப்பிடக் கொடுத்தார்கள். 1926இல் நாற்பத்தைந்து நோயாளிகள் தேறியதைப் பதிவு செய்தார்கள். 1934இல் மூவருக்கும் நோபல் பரிசு. விப்பிளின் நாய்களுக்கு வந்த சோகை இரும்புக் குறைவால் வந்தது, நோயாளிகளுடையது வேறு என்பது பிறகுதான் தெளிவானது. தவறான கதவைத் தட்டி சரியான வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். வில்லியம் காஸில் என்பவர் தானே இறைச்சியைச் சாப்பிட்டு, அரைகுறையாகச் செரித்ததைக் கக்கி எடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரைப்பை ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அது இல்லாததுதான் கோளாறு என்று அப்படித்தான் தெரியவந்தது. என் கடையில் யாராவது இதைச் சொன்னால் கட்டுக்கதை என்று சிரித்திருப்பேன்.

ஈரலில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கப் பல ஆண்டு ஆனது. ஒவ்வொரு சாற்றையும் நோயாளிக்குக் கொடுத்தே சோதிக்க வேண்டியிருந்தது. மேரி ஷோர்ப் என்ற பெண்மணி, பாலில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கும் இதே பொருள் தேவை என்பதைக் கண்டார். பிறகு நோயாளிக்குப் பதில் அந்தப் பாக்டீரியாவிடமே கேட்கலாம் என்றானது. 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிவப்புப் படிகம் கைக்கு வந்தது. டன் கணக்கில் ஈரலைக் கரைத்து, விரல்நுனியில் ஒட்டும் அளவுக்குப் படிகம். டோரதி ஹாட்ஜ்கின் அதை எக்ஸ் கதிரில் வைத்து எட்டு ஆண்டு போராடி, எந்த அணு எங்கே இருக்கிறது என்று வரைந்துவிட்டார். 1964இல் அவருக்கும் நோபல். இவருக்குக் கைமூட்டுகளில் கடுமையான வாத நோய் என்பதை மகள் சொன்னபோது என்னையறியாமல் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். பிறகு உட்வர்ட், எஷன்மோசர் என்ற இருவர் தலைமையில் சுமார் நூறு வேதியியலாளர்கள் பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1972இல் இதை ஆய்வகத்திலேயே முழுதாகக் கட்டி முடித்தார்கள். நூறு பேர் கையால் பூட்டிய ஒரு மூலக்கூறு. ஆனால் அந்த வழியில் எந்தக் கம்பெனியும் மாத்திரை செய்வதில்லை. பாக்டீரியா அதைக் கஞ்சித் தொட்டியில் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறது.

என்னை நெருடியது இதுதான். நாய்கள், டன் டன்னாக ஈரல். இவை இல்லாமல் என் சைவ மாத்திரை இல்லை. நான் கொல்லாமல் இருப்பதற்குத் தேவையான அறிவு, கொன்றுதான் வந்திருக்கிறது. இதற்கு என்னிடம் பதில் கிடையாது. மகளிடமும் இல்லை. மறைக்காமல் தெரிந்துகொண்டது மட்டும் நல்லது என்று படுகிறது. குடல் நீளம் பேசிய காலத்தில் அறிவியல் என்றால் எனக்கு எனக்காக வாதாடும் வக்கீல். இந்தக் குப்பியோடு பழகிய பிறகு, அது என் எடைக்கல். நான் போட்டாலும் ஒரே எடை, என் எதிரி போட்டாலும் ஒரே எடை. இறைச்சியை விடு என்றோ விடாதே என்றோ அது ஒருநாளும் சொன்னதில்லை. விட்டால் என்ன குறையும், எத்தனை மைக்ரோகிராம் குறையும் என்று சொன்னது. அதைச் சொன்னதால்தான் இன்னும் விட்ட நிலையிலேயே இருக்க முடிகிறது. இல்லையென்றால் மரத்த காலோடு பயந்துபோய் மறுபடி ஈரலுக்குத் திரும்பியிருப்பேன்.

எனக்கு ஒரு நண்பர். தினமும் மாலை கடைக்கு வந்து உட்காருவார். குப்பியைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. "மாத்திரை போட்டால்தான் ஓடும் என்றால் அது எப்படி ஐயா இயற்கையான சாப்பாடு?" என்பார். இயற்கை என்று நான் சொல்லவே இல்லையே என்பேன். (முன்பு சொன்னேன், அவர் மறக்கவில்லை.) அவருக்கு மேலும் கீழும் கட்டுப்பல். அதை மாட்டிக்கொண்டு கறியைக் கடித்தபடிதான் எனக்கு இயற்கையைப் பற்றி வகுப்பெடுக்கிறார். நானும் கண்ணில் லென்ஸ் இல்லாமல் ஒரு திருகைக் கூடப் பார்க்க முடியாதவன். இருவரும் செயற்கை உறுப்புகளோடு உட்கார்ந்து இயற்கையைப் பற்றிச் சண்டை போடுகிறோம். நேரம் நன்றாகப் போகிறது.

சரி, மாத்திரை வேலை செய்கிறதா? மதிப்புரையில் மற்றவர்கள் எல்லோரும் "போட்டேன், பறந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். நான் அப்படி எழுதத் துணியவில்லை. கூச்சம் குறைந்தது ஊசியாலா, மாத்திரையாலா, நெஞ்செரிச்சல் மருந்தை மருத்துவர் குறைத்ததாலா? ஒரே ஆளிடம் மூன்றையும் சேர்த்துச் செய்துவிட்டு எது காரணம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஓடாத கடிகாரத்துக்கு எண்ணெயும் போட்டு, ஸ்பிரிங்கும் மாற்றி, முள்ளையும் நிமிர்த்திவிட்டு எது பழுது என்று கேட்பது போல. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்று: ஊசியை நிறுத்தி எட்டு மாதம் மாத்திரை மட்டுமே எடுத்தபின் ரத்தத்தைப் பார்த்தபோது பி12 அளவு 540. சேமிப்பும் கொஞ்சம் உதவியிருக்கும். ஆனாலும் கணக்கு இறங்கவில்லை. இந்த மாத்திரையிடம் நான் எதிர்பார்த்தது அதுதான், செய்திருக்கிறது.

உடம்பு தெம்பாகும், ஞாபகசக்தி கூடும், முடி வளரும் என்றெல்லாம் உறையில் எழுதியிருக்கிறார்கள். குறைவு இருப்பவனுக்கு அது சரியாகும். குறைவில்லாதவன் போட்டால் சிறுநீருக்குத்தான் லாபம். என் தலையில் முடி வளரவில்லை. பாலும் முட்டையும் எடுத்துக்கொள்ளும் சைவர்களுக்கு அவற்றிலிருந்தே ஓரளவு கிடைக்கும்; அவர்களிலும் பலருக்குக் குறையக் கூடும் என்பதால் ஒரு முறை பரிசோதித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. எல்லாவற்றையும் விட்டவர்கள் யோசிக்கவே வேண்டாம், இதுவோ இதைப் போன்ற வேறொன்றோ கட்டாயம் வேண்டும். ஒன்பது ஆண்டு காத்திருக்காதீர்கள்.

குப்பிக்குள் திணித்திருக்கும் பஞ்சை முதல் நாளே எடுத்து எறிந்துவிடுங்கள், ஈரத்தை இழுத்துவைக்கிறது. என் இரண்டாவது குப்பியில் கடைசிப் பத்து மாத்திரைகள் ஒட்டிக்கொண்டு கட்டியானது இதனால்தான் என்று சந்தேகப்படுகிறேன். ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள்.

வலது கை ஏறக்குறைய பழையபடி. இடது கை மோதிர விரல் நுனி இன்னும் திரும்பி வரவில்லை. தாமதமாக வந்தால் சில இடங்கள் திரும்பாமலே போகலாம் என்று மருத்துவர் அப்போதே சொல்லியிருந்தார். போன வாரம் மறுபடி ஒரு பெண்கள் கைக்கடிகாரம் வந்தது. அந்தப் பாலத்தின் திருகை இரண்டாவது முயற்சியில் வைத்துவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைப் பிடித்துக்கொண்டது மூடிக்காக.